அம்மாவுக்கு ஒரு கூரை, பிள்ளைக்கு ஒரு கூரையா?

தமிழ்நாட்டில் பெண்கள் இல்லங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சென்னைக் கடற்கரையோரம் இருக்கிற ஐஸ் ஹவுசிலிருந்து தொடங்குவார்கள். நாம் அதற்கும் அரை நூற்றாண்டு முன்னே, பூனாவுக்குப் போக வேண்டும்.

1863-ல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் அங்கே ஒரு வீட்டைத் திறந்துவிட்டார்கள். கர்ப்பமான பார்ப்பன விதவைகள் ஊருக்குப் பயந்து சிசுவைக் கொன்றார்கள். இல்லையென்றால் தாங்களே செத்தார்கள். அவர்கள் இந்த வீட்டுக்கு வந்து பயமில்லாமல் பெற்றுக்கொள்ளலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் போகலாம், விட்டுவிட்டும் போகலாம். முடிவு பெற்றவளுடையது. அப்படி வந்த காசிபாய் என்பவரின் மகன் யஷ்வந்தைத் தத்தெடுத்து டாக்டருக்குப் படிக்க வைத்தார்கள். சூத்திரர் என்று ஒதுக்கப்பட்ட இரண்டு பேர், ஒதுக்கிய சாதியின் பெண்களுக்குச் செய்த காரியம் இது.

ஐஸ் ஹவுஸ் கதை வேறே. 1910-களில் சகோதரி சுப்பலட்சுமி அங்கே நடத்திய விடுதி பார்ப்பன இளம் விதவைகளுக்கானது. படிக்க வைத்தார், டீச்சராக்கினார். அந்தப் பெண்களின் துயரம் பொய்யில்லை. ஆனால் கதவு ஒரு சாதிக்குத்தான் திறந்தது. தேவதாசிக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளை விடுதிகள் சேர்க்க மறுத்தபோது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் தன் வீட்டிலேயே அவ்வை இல்லத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.

சேரிப் பெண் எங்கே போனாள்? அறுத்துக் கட்டுவது நம் வழக்கம்தான். அதனாலேயே சீர்திருத்தக்காரர்கள் கண்ணுக்கு அவள் விதவையாகக்கூடப் படவில்லை. அவளுக்கு வீடு என்றாவது ஒன்று இருந்ததா? 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனைகூட மிராசுதார் பிடியில் இருந்ததையும், எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி பண்ணு என்று மிரட்ட முடிந்ததையும் அதில் பதிவு செய்தார். அப்படியானால் மொத்தச் சேரியுமே தற்காலிகத் தங்குமிடம்தான்.

நாட்றம்பள்ளியில் எங்க அத்தையைப் புருஷன் விட்டுட்டுப் போனதும், ரெண்டு பிள்ளைங்களோட ஆயா வீட்டுக்கு வந்துட்டாங்க. தாவாரத்துல ஓலைத் தடுப்பு கட்டி, தனி அடுப்பு வச்சு, ஆறு வருஷம் இருந்தாங்க. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத இல்லம் அது. ஆயா செத்ததும் மனை சித்தப்பா பேருக்குப் போச்சு. அத்தை மறுபடியும் மூட்டையைக் கட்டினாங்க. ஷூ கம்பெனியில வேலை கிடைச்சது, வீடு கிடைக்கலை. “ஆம்பளை இல்லாத குடும்பத்துக்கு விடறதில்ல”ன்னாங்க. அடுத்து, “நீங்க என்ன ஆளுங்க?”ன்னு கேட்டாங்க.

அரசாங்கத்தின் இல்லம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒன்றிய அரசின் 2015-ம் ஆண்டு ஸ்வாதார் கிரக விதிகளைப் படித்துப் பாருங்கள். குடும்ப வன்முறைக்குத் தப்பி வந்தவள் ஒரு வருஷம் இருக்கலாம் என்று அதில் இருந்தது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று வருஷம். பெண்பிள்ளை 18 வயசு வரைக்கும் தாயோடு இருக்க முடிந்தது. ஆண்பிள்ளைக்கு 8 வயசு தாண்டினால் குழந்தைகள் காப்பகம் என்று இருந்தது. 2022-ல் திட்டத்துக்கு சக்தி சதன் என்று பேர் மாறியது. பையனின் வயசு வரம்பும் 12 ஆனது. ஆனாலும் வரம்பு வரம்புதான். பதிமூணு வயசுப் பையனை வைத்திருக்கிறவள் என்ன செய்வாள்? பிள்ளையை விட மனசில்லாமல் அடிக்கிற புருஷனிடமே திரும்பிப் போவாள். 1863-ல் தாயிடம் விடப்பட்ட முடிவை இன்றைக்கு விதிப்புத்தகம் எடுக்கிறது.

ஆக நாம் கேட்க வேண்டியது மூன்று. தோல் பகுதியின் ஒவ்வொரு தாலுகாவிலும், வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் ஓர் இல்லம். பையனின் வயசைக் காட்டித் தாயைப் பிரிக்காத விதி. வெளியே வரும்போது அவள் பேரிலேயே மனைப்பட்டா. பட்டா இல்லாமல் அனுப்பினால் அவள் இன்னொரு தாவாரத்துக்குத்தான் போவாள். அதுவும் இன்னொருத்தர் பேரில்தான் இருக்கும். அடுத்த தடவை தாலுகா ஆபீசில் விதவைப் பென்ஷனுக்கு மனு எழுதுகிற தோழர்கள், இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.