சொல்லச் சொல்ல எழுதிய கை: ராணி சந்தா

1941 ஜூலை 30, காலை. கல்கத்தாவின் ஜோராசாங்கோ வீட்டில் இரவீந்திரநாத் தாகூர் அறுவைச் சிகிச்சைக்காகக் காத்திருக்கிறார். வயது எண்பது. பேனா பிடிக்கக் கையில் வலுவில்லை. மனதில் வந்த கவிதையை வாய்விட்டுச் சொல்கிறார். அருகில் இருக்கும் பெண் எழுதிக்கொள்கிறார். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார் கவிஞர். அந்தப் பிறகு வரவேயில்லை. ஆகஸ்ட் 7 அன்று அவர் இறந்தார். அன்று காலை சொன்னதே அவருடைய கடைசிக் கவிதையாக நின்றுவிட்டது.

இந்தச் சம்பவத்தைக் குறிப்பிடும் பலரும் 'அவர் சொல்ல, எழுதப்பட்டது' என்று முடித்துவிடுவார்கள். செயப்பாட்டு வினை எவ்வளவு வசதியானது பாருங்கள்! எழுதியது யார் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. வரலாற்றில் பெண்களின் உழைப்பு பெரும்பாலும் இப்படிப்பட்ட வினைச்சொற்களுக்குள்தான் புதைந்து கிடக்கிறது. சமைக்கப்பட்டது, துவைக்கப்பட்டது, பிரதி எடுக்கப்பட்டது, எழுதப்பட்டது.

அன்று எழுதியவர் ராணி சந்தா. அவர் ஓவியர். எழுத்தாளர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். ஆனாலும், தாகூரை மொழிபெயர்ப்பில் வாசித்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

ராணி பிறந்தது 1912இல். தந்தை குலசந்திர தே காவல்துறை அதிகாரி, கவிதையும் எழுதியவர். தாய் பூர்ணசசி. சிறு வயதிலேயே தந்தையை இழந்த ராணி, கிழக்கு வங்காளத்தின் விக்கிரம்பூர் பகுதியில் இருந்த தாயின் பிறந்த வீட்டில் வளர்ந்தார். அண்ணன் முகுல் தே செதுக்கோவியத்தில் பெயர் பெற்றவர். 1928இல் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வரானவரும் அவரே. படிப்பும் கலையும் புழங்கிய குடும்பம் இது. அக்காலத்து வங்காளப் பெண்களில் மிகச் சிலருக்கே வாய்த்த இடம். ராணியைப் பற்றிப் பேசும்போது இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சாந்திநிகேதனுக்குச் சென்ற ராணி, கலாபவனத்தில் நந்தலால் போஸின் மாணவியானார். கலாபவனம் 1919இல் தொடங்கப்பட்டது. ஐரோப்பியப் பாணியில் சிலைகளைப் பார்த்து வரையும் பயிற்சியிலிருந்து விலகி, மரத்தையும் மாட்டையும் சந்தாலி மக்களின் அன்றாட வாழ்வையும் நேரில் பார்த்து வரையச் சொன்ன இடம் அது. ஆணும் பெண்ணும் ஒன்றாகப் படித்தார்கள். நீர்வண்ணம், டெம்பரா, மரச்செதுக்கு, லினோகட், சுவரோவியம் இவற்றோடு, தரையில் போடும் ஆல்பனாவும் அங்கே பாடமாக இருந்தது. ஆல்பனா என்பது அரிசி மாவைக் கரைத்து விரலால் இழைக்கும் வங்காளக் கோலம். தாகூரின் 1927 ஜாவா பயணத்துக்குப் பிறகு பத்திக் துணிக்கலையும் சேர்ந்துகொண்டது.

வீட்டு வாசலில் பெண்கள் காலங்காலமாகப் போட்டுவந்த ஒன்றைக் கலை என்று ஏற்று, ஒரு கல்வி நிறுவனம் பாடத்திட்டத்தில் வைத்தது பெரிய காரியம். ஆனால் அதற்குள் ஒரு பிரிவினையும் மெல்ல நுழைந்தது. ஆல்பனா, பத்திக், தோல்வேலை, தையல் ஆகியவை 'பெண்களுக்கு ஏற்றவை' ஆயின. சுவரோவியமும் பெரிய சித்திரமும் 'மேதை'களின் களமாயின. இந்திய அரசியலமைப்பின் மூலப் பிரதியை அலங்கரித்தவர் யார் என்று கேட்டால் நந்தலால் என்ற பெயர் உடனே வரும். அந்தக் குழுவில் வேலை செய்த அவருடைய மகள்கள் கௌரி பஞ்சாவும் ஜமுனா சென்னும் நினைவுக்கு வருவதில்லை. தாகூர் குடும்பத்திலேயே அபனீந்திரநாத், ககனேந்திரநாத் இருவரையும் அறிந்தவர்கள், அவர்களுடைய தங்கை சுனயனி தேவியை அறிய மாட்டார்கள். எந்தப் பள்ளிக்கும் போகாமல், குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவே வரைந்த ஓவியர் அவர். ராணி லினோகட்டும் வண்ணச் சித்திரமும் செய்துகொண்டிருந்த காலத்தின் சூழல் இதுதான். கதவு திறந்திருந்தது. உள்ளே போனபின் உட்கார இடம் எங்கே என்பது மட்டும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது.

தாகூரின் செயலாளரான அனில்குமார் சந்தாவை ராணி மணந்தார். செயலாளரின் வேலை கணவருடையது. ஆனால் கவிஞர் பேசுவதைக் கவனித்துக் குறித்துவைப்பது, நோயில் உடனிருப்பது, சொல்லச் சொல்ல எழுதுவது என்று மனைவியின் கைக்கு வந்து சேர்ந்த வேலைக்குப் பதவியும் இல்லை, பெயரும் இல்லை. பேராசிரியர்களின் மனைவியர் தட்டச்சு செய்த ஆய்வேடுகளையும், எழுத்தாளர்களின் மனைவியர் பிரதி எடுத்த நாவல்களையும் அறிந்த நமக்கு இது புதிய கதை இல்லை.

ராணியின் கதையில் புதியது, அந்த வேலையை அவர் எழுத்தாக மாற்றிக்கொண்ட விதம். தாகூரின் உரையாடல்களைக் குறித்துவைத்து 'ஆலாப்சாரி ரவீந்திரநாத்' என்ற நூலாக்கினார். அபனீந்திரநாத் தன் குடும்பத்தைப் பற்றியும் பழைய கல்கத்தாவைப் பற்றியும் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதினார். நோயுற்றிருந்த தாகூரே அவற்றைப் படித்து மகிழ்ந்தார். 1941இல் அவை 'கரோயா' என்ற புத்தகமாயின. 1944இல் 'ஜோராசாங்கோர் தாரே' வந்தது. வங்காள மறுமலர்ச்சியின் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை அறிய இன்றும் எல்லோரும் புரட்டுகிற நூல்கள் இவை.

பேச்சைக் கேட்டு எழுதுவதில் என்ன படைப்பு இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஒருமுறை செய்து பார்த்தால் தெரியும். வீட்டில் ஒரு முதியவர் பேசுவதை ஒரு மணி நேரம் கேளுங்கள். ஒரு கதை பாதியில் நிற்கும், இன்னொன்று குறுக்கே வரும், சொன்னதே திரும்ப வரும். அப்போது ஒலிப்பதிவுக் கருவி கைவசம் கிடையாது. எதை வைப்பது, எதை விடுவது, எதை முன்னே கொண்டுவருவது என்று முடிவெடுக்க வேண்டும். கூடவே, பேசியவரின் குரல் காகிதத்தில் உலர்ந்துபோகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓவியர் ஒருவரை உட்காரவைத்து உருவப்படம் வரைவது போன்ற வேலைதான் இது. உருவப்படத்தில் இருப்பவரை ஓவியத்தின் ஆசிரியர் என்று யாரும் சொல்வதில்லை. அபனீந்திரநாத்தின் பெயரோடு ராணியின் பெயரும் அந்த நூல்களில் இருக்கிறது. ஆனாலும் பேச்சு வழக்கில் அவை 'அபனீந்திரநாத்தின் நினைவுக்குறிப்புகள்' ஆகிவிட்டன.

1942இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வெடித்தது. ராணி கைதானார். சிறையில் அவர் கண்டதும் கேட்டதும் 'ஜெனானா ஃபாடக்' என்ற நூலாயின. பெண்கள் சிறைக்கூடம் என்று அந்தத் தலைப்பைப் புரிந்துகொள்ளலாம். இங்கே ஒரு திருப்பம் நடக்கிறது. அதுவரை பெரிய மனிதர்களின் பேச்சைக் கேட்டுப் பழகிய காது, இப்போது சிறைப்பட்ட சாதாரணப் பெண்களின் பக்கம் திரும்புகிறது. அரசியல் கைதிகள் எழுதிய சிறைக்குறிப்புகள் நம்மிடம் ஏராளம். அவற்றில் தலைவர்கள் உண்டு, கொள்கை விவாதம் உண்டு. பக்கத்துக் கொட்டடியில், எந்தக் கட்சியும் சாராமல், யாரும் மாலை போட்டு வரவேற்கக் காத்திராமல் கிடந்த பெண்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். ராணியின் நூல் அவர்களையும் பார்க்கிறது. ஜோராசாங்கோவின் கூடத்தில் பழகிய திறமை சிறைக்கூடத்தில் வேறு பொருள் பெறுகிறது. யார் பேச்சு எழுதத் தக்கது என்ற கேள்விக்கு அவர் தந்த பதில் இது.

கும்பமேளாப் பயணத்தைச் சொல்லும் 'பூர்ணகும்பம்' நூலுக்கு 1954இல் இரவீந்திர புரஸ்கார் விருது கிடைத்தது. விடுதலைக்குப் பின் கணவர் நாடாளுமன்ற உறுப்பினராகி நேரு அமைச்சரவையில் துணை அமைச்சரானார். 'அமைச்சரின் மனைவி' என்ற அடையாளம் சேர்ந்த காலத்தில், ராணி தன் பெயரில் பெற்ற அங்கீகாரம் இது.

பிற்காலத்தில் தன் குழந்தைப் பருவக் கிராமத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் 'ஆமார் மார் பாபேர் பாடி'. என் அம்மாவின் அப்பா வீடு என்று பொருள். வங்காளத்தில் தாய்வழி வீட்டை 'மாமார் பாடி', அதாவது மாமா வீடு என்பார்கள். வீடு எப்போதும் அங்கிருக்கும் ஆணுக்குச் சொந்தம்; சகோதரி மகளோடு வந்துபோகும் விருந்தாளி. ராணி அந்தச் சொல்லை விட்டுவிட்டு, உறவைத் தாயிலிருந்து தொடங்குகிறார். அப்பாவின் வீடு என்பதால் அது தாய்க்கும் பிறந்த இடம், அவளுக்கும் அங்கே பாத்தியதை உண்டு என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. தேசப் பிரிவினைக்குப் பின் அந்த மண் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. இன்று அது பங்களாதேசம். நிலம் கைவிட்டுப் போன பிறகு, பெண் தன் தாய்வீட்டை எழுத்தில் மீட்டுக்கொண்டாள்.

ராணியைப் போற்றும்போது ஒரு கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. முகுல் தேயின் தங்கையாகவும் அனில் சந்தாவின் மனைவியாகவும் தாகூருக்கு நெருக்கமானவராகவும் இல்லாதிருந்தால் இதெல்லாம் வாய்த்திருக்குமா? கடினம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராசசுந்தரி தேவி ஏட்டின் ஒரு தாளைச் சமையலறையில் ஒளித்துவைத்து, யாருக்கும் தெரியாமல் எழுத்துக்கூட்டிப் படித்து, பிறகு தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். அவருக்கு எந்த அண்ணனும் ஆசானும் வழிகாட்டவில்லை. ராணிக்கு வாசல் திறந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அதே ஆண்களின் பெயர்கள்தான் அவரை மறைக்கும் சுவராகவும் நின்றன. நெருக்கம் வாய்ப்பையும் தந்தது, நிழலையும் தந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் வாழ்க்கை புரியும்.

ராணி சந்தா 1997இல் காலமானார். ஆய்வு செய்யப்போகும் மாணவிகளுக்கு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு எளிய முறை இருக்கிறது. பெரிய மனிதர்களின் நூல்களில் நன்றியுரையைப் படியுங்கள். 'சொல்ல, எழுதப்பட்டது', 'பிரதி எடுக்க உதவிய', 'பொறுமையுடன் துணைநின்ற' என்ற சொற்கள் வரும் இடத்தில் நின்று, யார் என்று கேளுங்கள். பெயர் கிடைத்தால் அந்தப் பெயரில் வேறு என்ன இருக்கிறது என்று தேடுங்கள். ஒரு லினோகட் கிடைக்கலாம். ஒரு சிறைக்குறிப்பு கிடைக்கலாம். யாரும் இதுவரை திறந்து பார்க்காத ஒரு தாய்வீடும் கிடைக்கலாம்.