பின் அச்சின் பல்சக்கர ஓசை

தொடக்கக் காலக் கார்களின் பின் அச்சில் நேர்பல் சக்கரங்கள் அலறின. 1913இல் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் சுருள்பல் வெட்டும் இயந்திரத்தை உருவாக்கியது. 1926இல் பேக்கார்டு கார்களில் ஹைப்பாய்டு சக்கரங்கள் வந்தன. ஓசை தணிந்தது. ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உராய்வதால், மிகையழுத்தம் தாங்கும் தனி எண்ணெய் கட்டாயமாயிற்று. 2014 வரை உற்பத்தியான அம்பாசடரின் பின் அச்சும் இவ்வகையே.

ஆக்சிலேட்டரை மிதிக்கையில் அல்லது விடுகையில் மட்டும் ஊளையிட்டால் பற்களை ஐயுறலாம். இரண்டிலும் மாறாத இரைச்சல் பெரும்பாலும் பேரிங்கினுடையது. சாலைப் பரப்புக்கேற்ப மாறினால் அது டயர்தான். இதை அறியாமல் அச்சைப் பிரித்தால் வீண்செலவு. சுண்ணாம்புக்குளம் போன்ற பழவேற்காட்டு ஏரியோர ஊர்களில் மழைக்காலத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: சூடான அச்சு தேங்கிய நீரில் இறங்கினால், குளிரும்போது நீரை உள்ளிழுக்கும். எண்ணெய் பால்நிறமானால் உடனே மாற்றவேண்டும். பல் தேய்ந்துவிட்டால் கிரவுனையும் பினியனையும் இணையாகவே மாற்றுவர்.