சிர்த்தா நகரத்துச் சோதனைக் குறிப்பு

உரோமைப் பேரரசர் தியோக்ளேசியன் 303 பிப்ரவரியில் பிறப்பித்த ஆணை, கிறிஸ்தவர்களின் வழிபாட்டு இடங்களை இடிக்கவும் அவர்களுடைய திருநூல்களைப் பறித்துக் கொளுத்தவும் பணித்தது. வட ஆப்பிரிக்காவின் நுமிடியாவில், இன்று அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் எனப்படும் சிர்த்தா நகரில் அந்த ஆணை நிறைவேறிய விதத்தை, நகர நிர்வாகத்தின் எழுத்தர்களே பதிந்து வைத்தனர். தொடக்ககாலத் திருச்சபையைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை அதன் ஆயர்களும் அறிஞர்களும் எழுதியவை. அதை ஒடுக்க வந்தவர்கள் எழுதிய இந்தக் குறிப்போ, ஒரு மாகாண நகரத்துச் சபையின் அன்றாட வாழ்வை எந்த இறையியல் நூலையும்விட நெருங்கிக் காட்டுகிறது.

303 மே 19 அன்று, பேரரசர் வழிபாட்டுப் பூசகரும் நகரக் கண்காணிப்பாளருமான முனாத்தியுஸ் ஃபெலிக்ஸ், கிறிஸ்தவர்கள் கூடிவந்த வீட்டுக்குச் சென்றார். ஆயர் பவுல் அமர்ந்திருக்க, குருக்களும் திருத்தொண்டர்களும் கல்லறை தோண்டுவோரும் உடனிருக்க, ஒவ்வொரு பொருளாக வெளியே வந்தது: பொற்கிண்ணம் இரண்டு, வெள்ளிக் கிண்ணம் ஆறு, வெள்ளி விளக்கு ஏழு, சங்கிலியோடு கூடிய வெண்கல விளக்கு பதினொன்று. அவற்றை அடுத்துப் பெண்களுக்கான அங்கிகள் 82, முக்காட்டுத் துணிகள் 38, ஆண்களுக்கான அங்கிகள் 16, ஆண்களின் காலணி 13 சோடி, பெண்களின் காலணி 47 சோடி. வழிபாட்டுக்கு வேண்டாத இத்தனை துணிமணியை, ஏழைகளுக்கும் கைம்பெண்களுக்கும் கொடுக்கச் சேர்த்த இருப்பென்றே கொள்ள வேண்டும். அச்சபையின் அறப்பணி எத்தகையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. நூலறையின் பேழைகள் வெறுமையாக இருந்தன. துணைத் திருத்தொண்டர் சில்வானுஸ், சாடியின் பின்னால் கண்டதாகச் சொல்லி ஒரு வெள்ளிப் பெட்டியையும் வெள்ளி விளக்கையும் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

நூல்கள் வழிபாட்டில் அவற்றைப் படிக்கும் பணியாளர்களான வாசகர்களின் வீடுகளில் இருந்தன. அவர்களுடைய பெயரைச் சொல்ல மறுத்த துணைத் திருத்தொண்டர் இருவர் காவலில் வைக்கப்பட்டனர். ஆயினும் பிறர் வழிகாட்ட, அதிகாரிகள் வீடுவீடாகச் சென்றனர். விக்தோரினுஸ் என்பவர் எட்டு நூல்களைக் கொடுத்தார். இலக்கண ஆசிரியர் விக்டர் இரண்டு நூல்களையும், ஐந்தைந்து தாள்களாக மடித்த நான்கு கட்டுகளையும் கொடுத்தார்.

இவ்வாறு திருநூல்களைக் கையளித்தோர், வேதகலாபனை ஓய்ந்தபின் சபையை இரண்டாகப் பிளந்தனர் எனலாம். கார்த்தேஜின் ஆயராகச் சிசிலியன் திருநிலைப்படுத்தப்பட்டபோது, அவரைத் திருநிலைப்படுத்திய ஆயர் திருநூலைக் கையளித்தவர் என்றும், கறைபட்ட கை வழங்கும் அருளடையாளம் செல்லாது என்றும் வாதிட்ட நுமிடிய ஆயர்கள், மயோரினுஸ் என்பவரை எதிர் ஆயராக்கினர். அவருக்குப் பின் வந்த தொனாத்துஸின் பெயரால் அக்கட்சி தொனாத்தியர் எனப்பட்டது. 314இல் கூடிய ஆர்ல் சங்கம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆனாலும் பிளவு ஆழ்ந்து பரவி, 411இல் கார்த்தேஜில் இரு தரப்பும் நேருக்கு நேர் வாதிட்டபோது ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 280 ஆயர்கள் இருந்தனர்.

மயோரினுஸைத் திருநிலைப்படுத்தியோரில் ஒருவர், அதற்குள் சிர்த்தாவின் ஆயராகிவிட்ட அதே சில்வானுஸ். அவரோடு பகை கொண்ட திருத்தொண்டர் நுண்டினாரியுஸ் தொடுத்த வழக்கை 320இல் நுமிடியாவின் ஆளுநர் செனோஃபிலுஸ் விசாரித்தார். முதலில் நிறுத்தப்பட்ட இலக்கண ஆசிரியர் விக்டர் தமக்கு ஒன்றும் தெரியாதென மழுப்பவே, பதினேழு ஆண்டுகளுக்கு முந்தைய குறிப்பு மன்றத்தில் உரக்கப் படிக்கப்பட்டது. அதில் அவருடைய வீடும், அவர் கொடுத்த நூல்களும், சில்வானுஸ் எடுத்துத் தந்த விளக்கும் இருந்தன. தூய்மையின் பெயரால் பிரிந்த கட்சியின் ஆயரே கையளித்தவர் என்று இதனால் தெரியவந்தது. கார்த்தேஜின் செல்வப் பெண்மணி லூசில்லா கொடுத்த 400 பணப்பைகளை ஆயர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டதாகவும், ஏழைகளுக்கு அதில் எதுவும் சேரவில்லை என்றும் சான்று வந்தது. 303இன் துணி இருப்பை நினைவில் கொண்டு படிப்பவருக்கு, நூல்களைக் கையளித்ததைவிட இதுவே அச்சபையின் பெருவீழ்ச்சியாகத் தோன்றும்.

சில்வானுஸ் நாடு கடத்தப்பட்டார். அதே நுமிடியாவில் மிலேவிஸ் நகர ஆயராக இருந்த ஒப்தாத்துஸ் 360களில் தொனாத்தியரை மறுத்து எழுதிய நூலோடு இவ்விசாரணை ஆவணமும் இணைந்து வந்தமையால், அதனுள் பொதிந்த சிர்த்தாக் குறிப்பும் அழியாமல் கிடைத்தது.