மாஹ்லரின் இரத்தம் சொன்ன சேதி

காய்ச்சல் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ரெண்டு நாள் பார்ப்போம். குறையாவிட்டால் பாமசிக்குப் போய் நாலு அன்ரிபயோட்டிக் வாங்கிப் போடுவோம். 'இதில என்ன கிடக்கு' எண்டுதான் நினைக்கிறோம். ஆனால் இதய வால்வில் ஏற்கெனவே பழுதுள்ள ஒருவருக்கு அந்த நாலு குளிசை பெரிய தடயமொன்றை அழித்துவிடலாம். ஏன் என்று விளங்க, 1911ஆம் ஆண்டு நியூயோர்க் வரை போய்வர வேண்டும்.

இசையமைப்பாளர் குஸ்தாவ் மாஹ்லருக்கு அப்போது வயது 50. அவருடைய இதய வால்வில் கோளாறு இருப்பது 1907இலேயே தெரிந்திருந்தது. 1911 பெப்ரவரி 21இல் கார்னகி மண்டபத்தில் காய்ச்சலோடுதான் இசைக்குழுவை நடத்தினார். அதுவே அவருடைய கடைசிக் கச்சேரி. காய்ச்சல் விடவில்லை. மவுண்ட் சினாய் வைத்தியசாலையின் இமானுவேல் லிப்மனை அழைத்தார்கள்.

வால்வில் கிருமி தொற்றும் நோயை வைத்தியர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். வில்லியம் ஒஸ்லர் 1885இல் லண்டனில் அதைப்பற்றி விரிவுரைகளே நிகழ்த்தியிருந்தார். ஆனால் நோயாளி உயிரோடு இருக்கும்போது அதை உறுதிப்படுத்துவது கஷ்டம். மெல்லிய காய்ச்சல், களைப்பு, மெலிவு. வேறு எத்தனையோ நோய்களுக்கும் இதே குணங்கள்தானே. இரத்தத்தை எடுத்து அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பதில் லிப்மன் தேர்ந்தவர்.

அவருடைய உதவியாளர் ஜோர்ஜ் பேயர், மாஹ்லரின் கை நாளத்திலிருந்து 20 மில்லிலீற்றர் அளவு இரத்தம் எடுத்தார். ஒரு பகுதியை ஊட்டத் திரவக் குடுவைகளில் விட்டார். மீதியை உருகிய ஏகாரில் கலந்து தட்டுகளில் ஊற்றினார். நாலைந்து நாளில் தட்டு நிறையக் கிருமிக் கூட்டங்கள். எல்லாக் குடுவைகளிலும் அதே கிருமி: ஸ்ட்ரெப்டோகொக்கஸ் விரிடன்ஸ். எங்கள் எல்லோருடைய வாயிலும் சாதாரணமாக வாழ்வதுதான் அது. பல், முரசு வழியாக இரத்தத்தில் இறங்கினாலும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பழுதான வால்வு கிடைத்தால் அங்கே குடியேறிவிடும்.

உண்மையைச் சொல்லும்படி மாஹ்லர் பிடிவாதமாகக் கேட்டார். சொன்னார்கள். வியன்னாவில் சாக விரும்பினார். வழியில் பாரிஸிலும் இரத்தம் வளர்த்துப் பார்த்தார்கள். அங்கேயும் அதே விடை. மே 18இல் வியன்னாவில் இறந்துபோனார். நோயின் பெயர் சரியாகத் தெரிந்தது. கொடுக்க ஒரு மருந்தும் இருக்கவில்லை.

மருந்து வர 30 வருசத்துக்கு மேல் எடுத்தது. 1944இல் புரூக்ளினில் லியோ லோவ் குழுவினர், இந்நோய் வந்த ஏழு பேருக்குப் பெனிசிலினும் ஹெப்பரினும் கொடுத்து வெற்றி கண்டதாக அறிவித்தார்கள். அதுவரை மரணச் செய்தியாக இருந்த பரிசோதனை அதற்குப் பிறகு வழிகாட்டியாகிவிட்டது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும், எத்தனை வாரம் ஏற்ற வேண்டும் என்பதற்கெல்லாம் அதுவே ஆதாரம்.

இன்றும் முறை அடிப்படையில் அதேதான். குடுவையை இயந்திரம் கவனிக்கிறது, அவ்வளவுதான். இந்நோய் சந்தேகம் என்றால் வெவ்வேறு இடங்களில் ஊசி குத்தி மூன்று தடவை இரத்தம் எடுப்பார்கள். தோலிலிருந்து தவறி விழுந்த கிருமி எது, உண்மையில் இரத்தத்தில் ஓடுவது எது என்று பிரித்தறிய அது உதவும். கூடுமானவரை முதல் அன்ரிபயோட்டிக்குக்கு முன்பே எடுப்பார்கள். மருந்து முந்திவிட்டால் குடுவையில் கிருமி வளராமல் போகலாம். வால்வில் மட்டும் அது அப்படியே இருக்கும்.

சின்ன வயதில் ருமாற்றிக் காய்ச்சல் வந்து வால்வு பழுதானவர்கள் எங்கட ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் விடாமல் நின்றால், பாமசிக்கு முன் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவோம். மாஹ்லருக்கு விடை கிடைத்தும் மருந்து இருக்கவில்லை. எங்களிடம் மருந்து இருக்கிறது. விடையை நாங்களே அழித்துவிடாமல் இருந்தால் போதும்.