காஜி மன்றத்திலிருந்து சட்டத் தொகுப்பு வரை: குற்ற விசாரணைமுறையின் வரலாறு

எது குற்றம் என்பதைத் தண்டனைச் சட்டம் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரை எவ்வாறு பிடிப்பது, விசாரிப்பது, தீர்ப்பளிப்பது என்பதை நடைமுறைச் சட்டம் சொல்கிறது. இந்தியாவில் இதன் வரலாறு 1861ஆம் ஆண்டுத் தொகுப்புடன் தொடங்குவதாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். அதற்கு முந்தைய தொண்ணூறு ஆண்டுகளை நோக்கினால் வேறொரு காட்சி தெரிகிறது.

1765இல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தின் திவானி உரிமையைப் பெற்றது. குற்ற வழக்குகளுக்குரிய நிஜாமத் அதிகாரம் நவாபிடமே இருந்தது. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மாவட்டந்தோறும் ஃபவ்ஜ்தாரி அதாலத்துகளை அமைத்தபோது, காஜியும் முஃப்தியும் மவ்லவிகள் இருவரும் அவற்றில் அமர்ந்தனர். கலெக்டருக்கு மேற்பார்வை மட்டுமே. இது முதற் கட்டம்.

இரண்டாம் கட்டம் 1790இல் காரன்வாலிஸ் பிரபுவின் காலத்தில் தொடங்கியது. சதர் நிஜாமத் அதாலத் முர்ஷிதாபாத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்தது. கவர்னர் ஜெனரலும் அவரது ஆலோசனை சபையினரும் நீதிபதிகளாயினர். காஜியும் முஃப்திகளும் சட்டம் எடுத்துரைக்கும் அலுவலர்களாயினர். ஃபத்வாவின் வடிவம் நிலைத்தது. உள்ளடக்கம் ஒவ்வொன்றாக மாறியது. கொலை வழக்கில் ஆயுதத்தை அளவுகோலாகக் கொள்ளும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து விடப்பட்டு, அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகியோரின் கருத்து ஏற்கப்பட்டது. கொலையுண்டவரின் வாரிசுகள் மன்னிக்கும் உரிமை செல்லாதாயிற்று. 1791இல் உறுப்புத் துண்டிப்புக்குப் பதில் கடுங்காவல் வந்தது. 1792இல் முஸ்லிமல்லாதோரின் சாட்சியத்துக்கு இருந்த தடை நீங்கியது. இறுதியாகச் சொன்னது நியாயமான சீர்திருத்தமே என ஒப்புவதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. 1802இல் சென்னையிலும் சதர் ஃபவ்ஜ்தாரி அதாலத் நிறுவப்பட்டது.

மூன்றாம் கட்டத்தில் ஃபத்வாவே தேவையற்றதாயிற்று. 1832ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குவிதி, முஸ்லிமல்லாதோர் அம்முறை விசாரணையிலிருந்து விலக்குப் பெற வழிசெய்தது. 1861இல் குற்றவியல் நடைமுறைத் தொகுப்பு இயற்றப்பட்டது. 1864இல் நீதிமன்றங்களின் முஸ்லிம், இந்து சட்ட அலுவலர் பதவிகள் ஒழிந்தன.

அத்தொகுப்பின் 148ஆம் பிரிவு நம் கவனத்துக்குரியது. போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைச் சாட்சியமாகக் கொள்ளலாகாது என்றது அது. வரி வசூலுக்காகவும் ஒப்புதல் பெறவும் மக்கள் வதைக்கப்பட்டதைச் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு 1855இலேயே வெளிப்படுத்தியிருந்தது. இவ்விதியைப் புதுமை என்று எண்ணுவோர் ஒன்றை மறக்கின்றனர். கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜில், சந்தேகத்தின் பேரில் மனிதரை அடிப்பதையும் அடித்துப் பெறும் இக்ராரையும் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மறுத்துள்ளார்கள். ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததென நாம் வாதிடவில்லை. இரு மரபுகளும் ஒரே அநீதியைக் கண்டு ஒரே முடிவுக்கு வந்தன என்பதே நாம் சொல்வது.

பின்னர் 1872, 1882, 1898 ஆகிய ஆண்டுகளில் புதிய தொகுப்புகள் வந்தன. 1973ஆம் ஆண்டுச் சட்டம் நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரித்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அதன் இடத்தில் நடைமுறையில் உள்ளது. போலீசாரிடம் அளித்த ஒப்புதல் பற்றிய தடை புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது.

சட்டங்களின் பெயர்கள் மாறின. காவலில் இருப்பவனின் உடல்மீது கை வைக்கலாகாது என்னும் நெறியோ ஏட்டில் நிலைத்த அளவுக்குக் காவல் நிலையத்தில் நிலைக்கவில்லை. மத்ரஸாக்களில் நீதிமுறைப் பாடத்தை வெறும் பழங்கதையாக ஓதிக் கடந்து செல்லும் நாமும் இதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.