காணொளிப் பதிவியும் அலாரப் பதிவும்

கண்காணிப்புக் கேமராக்கள் அனுப்பும் காட்சிகளைத் திரையில் காட்டி, சேமித்தும் வைக்கும் கருவி காணொளிப் பதிவி ஆகும். கதவு திறத்தல், ஆள் நடமாட்டம் போன்றவற்றை உணரிகள் தெரிவிக்கும்போது, அந்தக் காட்சியைத் தனி நிகழ்வாகக் குறித்து வைப்பது அலாரப் பதிவு எனப்படும்.

வரலாறு

1942-இல் செருமனியின் பீனமுண்டே ஏவுதளத்தில் வால்டர் புரூக் அமைத்த மூடிய சுற்றுத் தொலைக்காட்சி, ஏவுகணை புறப்படுவதைத் தொலைவிலிருந்து காண உதவியது. அதில் பதிவு வசதி இல்லை. பார்ப்பவர் கண்ணை எடுத்தால் காட்சி போய்விடும். பின்னர் காந்த நாடாக்கள் வந்தன. ஒரு கேசட் சில மணி நேரமே ஓடும் என்பதால், காட்சியை விட்டுவிட்டுப் பதியும் முறை உருவானது. அலாரம் வந்தால் மட்டும் கருவி முழு வேகத்தில் பதியும். 1990-களில் நாடாவின் இடத்தை வன்தட்டு பிடிக்கத் தொடங்கியது.

செயல்படும் முறை

பதிவியின் பின்புறத்தில் உணரிக் கம்பிகளை இணைக்கும் முனைகள் உள்ளன. அலாரம் எழுந்ததும் உரிய கேமராவின் காட்சி திரை முழுவதும் விரியும்படி அமைக்கலாம். நாள், நேரம், கேமரா எண் ஆகியவை நிகழ்வுப் பட்டியலில் ஏறும். தற்காலிக நினைவகத்தில் உள்ள முந்தைய சில நொடிகளும் சேர்த்துச் சேமிக்கப்படுவதால், நிகழ்வு எப்படித் தொடங்கியது என்பதும் தெரியும். வன்தட்டு நிறைந்தால் பழைய காட்சிகள் அழிந்து புதியவை பதியும். பூட்டி வைத்த காட்சிகள் மட்டும் தப்பும். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்பதைக் கருவி தானாக முடிவு செய்வதில்லை. மனிதர் இட்ட அமைப்பே முடிவு செய்கிறது.

சாத்தான்குளம் தந்த பாடம்

2020 சூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் சில நாட்களில் உயிரிழந்தனர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி அங்கு விசாரித்த நீதித்துறை நடுவர், பதிவியில் 1 டெராபைட் வன்தட்டு இருந்தும், காட்சிகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைப்பு இருந்ததைத் தம் அறிக்கையில் குறிப்பிட்டார். இடம் போதாமல் காட்சி அழியவில்லை. அழியும்படி அமைத்திருந்ததால் அழிந்தது.

உச்ச நீதிமன்ற ஆணை

2020 திசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியுடன் கூடிய கண்காணிப்புக் கேமராக்கள் வேண்டும் என்றும், பதிவுகள் 18 மாதங்கள், அதற்கு வழியில்லாவிட்டால் குறைந்தது ஓராண்டு, பாதுகாக்கப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கருவி இயங்குவதற்கு நிலையப் பொறுப்பு அலுவலரே பொறுப்பு. மின்சாரமோ இணையமோ இல்லாத இடங்களில் அவற்றை ஏற்படுத்தித் தருவது அரசின் கடமை என்றும், சூரிய ஒளி, காற்று மின்சாரத்தையும் பயன்படுத்தலாம் என்றும் ஆணை கூறுகிறது.

ஆகவே நகரங்களைப் போலவே, 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றடையும் நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையின் வாழவந்திநாடு காவல் நிலையத்துக்கும் இவ்விதி பொருந்தும். மலைவாழ் மக்கள் ஒருவரின் புகார் மாதங்கள் கழித்து நீதிமன்றத்துக்கு வந்தாலும், அன்றைய காட்சி பதிவியில் இருக்க வேண்டும். கேமரா பொருத்தப்பட்டுள்ளதா என்று பார்ப்பதோடு, எத்தனை நாள் காட்சி சேமிப்பில் உள்ளது, கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்பவற்றையும் சோதிப்பது இதனால் இன்றியமையாததாகும்.