மலையிலிருந்து நடந்து வந்த சத்து

போன பொங்கலுக்குச் சேத்தூர் போயிருந்தபோது பெரியப்பா ஒரு தாளை நீட்டினார். மண்வள அட்டை. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். தழைச்சத்து, மணிச்சத்து, துத்தநாகம் என்று மொத்தம் 12 அளவுகள் அதில் இருக்கும். எங்கள் வயலுக்கு அங்ககக் கரிமம் குறைவு, துத்தநாகம் குறைவு என்று வந்திருந்தது.

"கிடை போட்ட காலத்துல இதெல்லாம் எவன் பாத்தான்?" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தேடினேன்.

கிடை தெரியாதவர்களுக்கு: பகலெல்லாம் மலைக்காட்டில் மேய்ந்த மாடுகளை, அறுவடை முடிந்த வயலில் ராத்திரி அடைப்பார்கள். வயல்காரர் கிடைக்காரருக்கு நெல்லோ பணமோ கொடுப்பார்.

ஒரு சின்னக் கணக்கு. தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம், அதாவது டன்னுக்கு 5 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், கிட்டத்தட்ட 21 கிலோ. ஆக ஒரு மூட்டைக்கு ஈடுகட்ட 4 டன் எரு வேண்டும். அதை வண்டி வைத்து அடித்தால் கூலி கட்டுமா? கிடையில் மாடே சுமந்து வந்துவிடுகிறது. மூத்திரமும் வீணாகாமல் வயலிலேயே விழுகிறது. யூரியா தருவது தழைச்சத்து மட்டும். சாணத்தோடு கரிமமும் துத்தநாகமும் சேர்ந்து வந்தன. அட்டையில் குறைவு என்று வந்ததும் அவைதான்!

அப்படியானால் வயலின் வளத்தில் ஒரு பங்கு மலையுடையது. இந்த வழி அடைபட ஆரம்பித்தது நேற்று இல்லை. 1882-இன் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்கி, மேய்ச்சலைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்த்த ஆங்கிலேய வேளாண் வேதியியலர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893-இல் வெளியான அறிக்கையில் ஒரு விஷயத்தை வற்புறுத்தினார்: விறகு கிடைக்காததால்தான் சாணம் அடுப்புக்குப் போகிறது, எனவே விறகுக்கும் தீவனத்துக்கும் தனிக் காடுகள் ஒதுக்குங்கள். காட்டையும் வயலையும் ஒரே கணக்கில் பார்த்தவர் அவர். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகங்களில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது.

பெரியப்பா பக்கம் மட்டும் பேசினால் நியாயமில்லை. வயலுக்கு வரவு என்றால் மலைக்குச் செலவு. மாடு தின்ற புல்லின் சத்து மலைக்குத் திரும்பிப் போகவில்லை. நாட்டு மாட்டின் கோமாரி நோய் காட்டுமாட்டுக்கும் தொற்றும். தடைக்கும் காரணம் இருக்கிறது.

ஆனால் மலைச்சத்து இறங்கி வர இன்னொரு வழி திறந்தே இருக்கிறது: மழை. அது அடித்து வருகிற மண் கண்மாயில் வண்டலாகப் படிகிறது. அதில் புலியோடு சண்டையில்லை. கண்மாய்க் கொள்ளளவும் கூடும். சாணத்துக்கு அது முழு ஈடு ஆகாது, சரி. இருந்தாலும், "இந்தக் கோடைக்குக் கரம்பை அடிப்போமா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"மொதல்ல தாலுகா ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டு வா" என்றார்.